தேவகனி வேதம் வாசித்த விதம்

எங்கள் சபையில் ஆண்டவரிடமிருந்து நேரடியாகப் பதில் வாங்குகிறவள் என்று பெயர் எடுத்தவள் தேவகனி ஒருத்திதான். போதகருக்குக்கூட அந்தப் பெயர் கிடைத்ததில்லை. மாட்டுக்குச் சீக்கு என்றாலும் மகளுக்கு மாப்பிள்ளை என்றாலும் பெண்கள் அவள் வீட்டுக்குத்தான் போவார்கள். மூன்று நாலு வருஷம் இப்படி நடந்தது. பிறகு ஒருத்தியும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

குலசேகரத்துக்குப் போகும் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு. இரண்டு பேரும் மிஷன் போர்டிங்கில் ஒன்றாகப் படித்து, அங்கேயே ரேந்தை என்கிற லேஸ் பின்னக் கற்றவர்கள். மடியில் திண்டு, திண்டு நிறைய குண்டூசி, ஊசிகளைச் சுற்றிச் சுற்றி நூல் ஓட்ட வேண்டும். வெள்ளைக்காரத் துரைசானிகளின் மேஜை விரிப்புக்கு ஓரம் கட்ட எங்கள் கண் அவிந்தது. அது போகட்டும்.

அவள் புருஷன் செல்வதாஸ் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். மலாயாத் தோட்டங்களில் நல்ல சம்பளம் என்று யாரோ சொல்ல, கல்யாணமான இரண்டாம் வருஷம் கப்பல் ஏறினார். பிள்ளை கிடையாது. வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கடிதம் போட்டபடி இருந்தார். பிறகு ஜப்பான்காரன் வந்தான், கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு பேர் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார்கள். தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள் என்று சொன்னார்கள். திரும்பியவர் யாராக இருந்தாலும் தேவகனி அவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். செல்வதாசைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அவளை யார் வீட்டு நல்ல காரியத்துக்கும் முன்னே நிறுத்தவும் மாட்டார்கள், விதவை என்று ஒதுக்கவும் மாட்டார்கள். ஊருக்கே அவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று தெரியவில்லை.

சபைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பெயர் மாறியதற்கு அடுத்த, நாற்பத்தெட்டாம் வருஷத்துப் புதுவருஷ ஆராதனையில் அவளுக்கு அந்தச் சீட்டு கிடைத்தது. எங்கள் கோயிலில் புதுவருஷத்தன்று ரசலையன் உபதேசியார் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வருவார். அதற்குள் வாக்குத்தத்தச் சீட்டுகள் சுருட்டிக் கிடக்கும். வேதத்தில் நல்ல வார்த்தையாகப் பார்த்து, துண்டுத் தாளில் அடங்குகிற அளவுக்கு வெட்டி, அவரே எழுதுவார். நமக்கு எது கிடைக்கிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொன்னது. எனக்கு ஒவ்வொரு வருஷமும் பொறுமையைப் பற்றியே வரும். தேவகனிக்கு அன்று வந்தது, தூரதேசம் போனவர்கள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்ற வாக்கு.

அவள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுத அழுகையில் உபதேசியார் டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டார். அந்த வசனம் இருக்கிற பக்கத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் சீட்டை அந்தப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

அதற்குப் பிறகுதான் வேதம் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். இது எங்கள் பக்கத்தில் பலரும் செய்கிற காரியம். கண்ணை மூடி ஜெபித்து, புத்தகத்தை ஒரே இழுப்பில் திறந்து, விரலை வைக்க வேண்டும். விரல் நின்ற வசனம்தான் பதில். எங்கள் முப்பாட்டன்மார் இசக்கியம்மன் பூசாரியிடம் குறி கேட்டவர்கள். நாங்கள் பூசாரியை விட்டோம், குறி கேட்பதை விடவில்லை.

தேவகனி திறந்தால் புத்தகம் அந்தப் பக்கத்தில்தான் திறந்தது. காலையில் திறந்தாலும் அதே இடம், சாயங்காலம் திறந்தாலும் அதே இடம். நான் கண்ணால் பார்த்தேன். பார்த்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொறாமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். செய்தி பரவியது. பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவள் கையால் திறக்கச் சொல்லி, வருவார் வருவார் என்று அவளுக்கு வந்த பதிலிலேயே தங்களுக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு போனார்கள். காணாமல்போன ஆடுகூட அந்த வசனத்தில் திரும்பி வந்ததாகச் சொன்னார்கள்.

அவளோ அந்தப் பதிலுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தாள். வந்து பார்க்கும்போது கதவு பூட்டிக் கிடக்கக் கூடாதாம். மணவாளக்குறிச்சியில் மணல் கம்பெனி வேலையிலிருந்த அண்ணன், "என்கூட வந்து இரி மக்கா" என்று எத்தனை தடவையோ வந்து கூப்பிட்டான். அவன் மகள் ஞானஸ்நானத்துக்குக்கூடப் போய் ஒரு ராத்திரி தங்கவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு செடி நடவில்லை. ஓடு உடைந்தால் மாற்றவில்லை. "அவரு வந்து பாத்துக்கிடுவாரு" என்பாள். வந்தவர்கள் போன பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அவள் தன் முற்றத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

புத்தகத்துக்குத்தான் முதலில் பொறுமை போயிற்று. அட்டை கழன்று, பக்கங்கள் கொத்தாகக் கையோடு வந்தன. உபதேசியார் நாகர்கோவில் போனபோது பைண்டு செய்யக் கொடுத்து வாங்கி வந்தார். புது அட்டை, புதுத் தையல். இறுக்கமென்றால் அப்படி ஓர் இறுக்கம், இரண்டு கையாலும் பிடித்தால்தான் திறந்து நிற்கும். சீட்டு எங்கோ தொலைந்திருந்தது.

தேவகனி ஜெபித்து, திறந்து, விரலை வைத்தாள். ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளைப் பற்றி வந்தது. நீளம் எத்தனை முழம், ஓரத்தில் எத்தனை காது வைத்துத் தைக்க வேண்டும் என்று. "ரேந்தைக்காரிக்கு ஆண்டவரு ரேந்தைக் கணக்கு சொல்லுகாரு" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உபதேசியாரிடம் ஓடினாள். அவர் தாடையைத் தடவி, "திரைன்னா கப்பல் பாயாக்கும். கப்பல் பொறப்பட்டாச்சு" என்று அடித்துச் சொன்னார். மறுநாள் திறந்தாள். குஷ்டரோகத்தைப் பற்றி வந்தது. அதற்கு உபதேசியாரிடம் கப்பல் இல்லை. அதற்கு அடுத்த நாள் ஏதோ ஒரு ராஜா செத்து அடக்கம் பண்ணப்பட்டான்.

நாலாம் நாள் வேலிப் பக்கம் வந்து நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஜெபகுமாரி, அந்தப் பொஸ்தகம் பழையபடி ஏன் தொறக்கல்லன்னு தெரியுமா?"

"ஏன்?"

"நான் சீட்டு வச்சு வச்சு, அந்த எடத்துல விரல வச்சு அமுக்கி அமுக்கி, அதுக்க முதுகு ஒடிஞ்சு போச்சு. ஒடிஞ்ச எடத்துலயாக்கும் தொறந்துது. இத்தன நாளும் பேசினது அவரு இல்ல. நானாக்கும்."

ஊரெல்லாம் அவள் வாசலில் போய் நின்றதே, முதுகு ஒடிந்த புத்தகம் ஒடிந்த இடத்தில்தான் திறக்கும் என்று ஒரு மூளைக்காவது எட்டியதா!

அந்த வசனத்தையாவது திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவள் தேடினாள். அதிகாரம் எண் அவளுக்குத் தெரியாது. கை வைத்த இடத்தில் இருந்த வசனத்துக்கு எண் எதற்கு? எரேமியா தீர்க்கதரிசி சொன்னது, அதிலே எங்கோ நடுவில் என்று மட்டும் உபதேசியார் சொன்னார். ஆகவே அந்தத் தீர்க்கதரிசி வாய் திறந்த முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே போனாள். சீட்டளவுக்கு மேல் அவள் வேதம் வாசித்தது போர்டிங் பரீட்சைக்குப் பிறகு அதுதான் முதல்முறை.

அந்த வசனத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வேறொன்று அவளை வழிமறித்தது. அந்நிய தேசத்துக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள்; வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைத் தின்னுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள்; எழுபது வருஷம் ஆகும் என்று அதில் இருந்தது. இரண்டு அதிகாரம் தள்ளி அவளுடைய வசனமும் கிடைத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்து, யார் தேற்றினாலும் தேறாமல் அழுத ஒரு தாய்க்குச் சொல்லப்பட்டது அது.

"எழுவது வருசம்ட்டி" என்றாள் என்னிடம். "அந்தக் காயிதத்தக் கையில வாங்கினவன் ஒருத்தனும் திரும்பி வந்திருக்க மாட்டான். உபதேசியாரு வாலை மட்டும் வெட்டி எனக்குத் தந்திருக்காரு. வேற ஒருத்திக்கு வந்த காயிதத்த நான் எனக்குன்னு வச்சுகிட்டுக் கெடந்திருக்கேன்."

ஒரு மாசம் புத்தகத்தைத் தொடவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. ஆண்டவரோடு பேச்சு வார்த்தை கிடையாது. நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தால் குடித்தாள், வைக்காவிட்டால் அதுவும் இல்லை. புருஷன் வருவாரா மாட்டாரா என்ற கேள்வி முன்பு அவளைப் படுத்தியதில்லை, பதில் கையில் இருந்தது. இப்போது அந்தக் கேள்வி மட்டும் வீட்டில் அவளோடு தனியாக இருந்தது. அந்த நாட்களில் அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் விடிகாலையில் அவள் சத்தமாக வாசிப்பது கேட்டது. எட்டிப் பார்த்தேன். புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஆதியிலே என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தாள்.

"பரீட்சை வருதா?" என்று கேட்டேன்.

"எனக்குன்னு எழுதினது எதுன்னு முழுசும் வாசிச்சுப் பாக்கப் போறேன். ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சுகிடலாம் இல்லியா?"

கோபத்தில் தொடங்கியது பிறகு அவள் வழக்கமாயிற்று. வாசிப்பதற்கு முன் ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். "நான் எம்புட்டோ பேசியாச்சு, இனி அவரு பேசட்டு" என்பாள். கொஞ்சம்தான் வாசிப்பாள், ஆனால் இரண்டு தடவை. முதல் தடவை, இது யாருக்குச் சொன்னது, அவன் என்ன வெப்ராளத்தில், என்ன மனக்கஷ்டத்தில் இருந்தான் என்று பார்ப்பாள். அவனுக்காக வருத்தப்படுவாள். அடிமைப்பெண் ஆகாரைப் பிள்ளையோடு பாலைவனத்துக்கு விரட்டிய இடத்தில் உண்மையாகவே அழுதாள், பக்கத்து வீட்டில் நடந்ததுபோல. இரண்டாம் தடவை வாசித்த பிறகுதான் தன் காரியத்தைச் சொல்லுவாள். புரியாவிட்டால், "எனக்கு இது வெளங்கல்ல ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். பிடிக்காவிட்டால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுவாள். ஒரு வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு திண்டின் முன் உட்காருவாள். அன்று முழுவதும் நூலோடு அதுவும் ஓடும். எதையும் தாண்ட மாட்டாள். திரை முழத்தையும் குஷ்டரோகத்தையும்கூட வாசித்தாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்குத்தான் வருஷாவருஷம் அதைப் பற்றிச் சீட்டு வருகிறது.

பெண்கள் பழையபடி வந்தார்கள். "தொறந்து பாத்துச் சொல்லு" என்றார்கள். "இருங்க, கூட வாசிப்போம்" என்றாள். வாசிப்பதற்கு யாருக்கு நேரம்? பதில் கேட்டு வந்தவர்கள் பதில் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? அவளை விட்டு ஆவியானவர் விலகிவிட்டார் என்று ஒருத்தி சொன்னாள். தலைக்குச் சுகமில்லை என்று இன்னொருத்தி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கொஞ்ச நாளில் அதையும் சொல்லாமல் அவளை மறந்துவிட்டார்கள். முன்னே கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருந்தாள், இப்போது கூட்டமும் இல்லை. "மனசுக்கு வெஷமமா இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். "இருக்கு" என்றாள். "சாயங்காலம் ஆனா நெஞ்சப் போட்டுப் பிசையுது. அதையும் அவருட்ட சொல்லுகேன். அவரு ஒண்ணும் சொல்லல்ல. ஆனா கேக்காருன்னு தோணுது."

அந்த மழைக்கு முற்றத்தைக் கொத்தி மரச்சீனிக் கிழங்குக் கம்பு நட்டாள். உடைந்த ஓடுகளை மாற்றினாள். அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தாள். போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தவள், ரோட்டுக்குப் போகும்வரை இரண்டு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஆனி மாதம். முதல் பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் என் வாசலில் நின்றார். நெற்றியில் வெள்ளை நாமம், அய்யாவைச் சாமியாகக் கும்பிடுகிற அய்யா வழிக்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது. ஒரு கால் சற்று இழுத்தது.

"ரேந்தை பின்னுத தேவகனியம்மா வீடு இதானா தாயி?"

நானே கூட்டிக்கொண்டு போனேன். தேவகனி அப்போதுதான் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தாள். அவர் உட்காரவில்லை. பெயர் சுயம்புலிங்கம், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஊர், மலாயாவிலிருந்து இந்த வருஷம்தான் திரும்ப முடிந்தது என்று சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"சயாம் காட்டுல செல்வதாசண்ணனும் நானும் ஒரே கொட்டகை. வாந்திபேதி வந்துது. ஒரு பகல்தான் கெடந்தாரு. நான்தான் குழி வெட்டுனேன். ஒங்க வேதத்துல ஏதோ சொல்லி அடக்குவாகளாம், எனக்குத் தெரியாது. 'அய்யா, இவரப் பாத்துக்கிடும்'னு சொல்லி மண்ணைப் போட்டேன். அது தப்பாயிருமோன்னு இத்தன வருசமும் ஒரு உறுத்தல். அதான் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அது மதி, அது போதும்" என்றாள் தேவகனி. பிறகு, "எப்போ?" என்று கேட்டாள்.

"சண்டை முடியதுக்கு ரெண்டு வருசம் முந்தி."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டு கையில் கிடைத்த அன்று அவர் செத்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நான்தான் வாய்விட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் ரசலையன் உபதேசியார் வந்துவிட்டார். இப்படிப்பட்ட செய்திக்கு அவர் மூக்கு எப்போதும் முதலில் வியர்க்கும். விஷயத்தைக் கேட்டவர் கலங்கிப்போய், "ஆறுதலா ஒரு வசனம் எடுத்து வாசிக்கட்டா மக்கா?" என்றார். பாவம், அவர் நல்லவர்தான்.

"வேண்டாம் உபதேசியாரே. இண்ணைக்குள்ள பங்கு இன்னும் வாசிக்கல்ல" என்று சொல்லித் தேவகனி புத்தகத்தை இழுத்தாள்.

ராஜாக்களின் கதைகளெல்லாம் முடிந்து, சிறையிலிருந்து ஜனங்கள் ஊர் திரும்புகிற இடத்துக்கு அவள் வந்திருந்தாள். அன்றைய பங்கு முழுவதும் பெயர்கள். இன்னார் வம்சத்தார் இத்தனை பேர், இன்ன ஊரார் இத்தனை பேர் என்று ஒரு பக்கம் நீண்டது. உபதேசியாரே ஆராதனையில் அந்தப் பக்கத்தை இதுவரை வாசித்ததில்லை. அவள் ஒன்றைக்கூட விடாமல் வாசித்தாள். நாக்கில் நிற்காத பெயர்கள். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, அந்தப் பெயரைத் திரும்ப வாசித்துவிட்டுப் போனாள்.

முடித்தபோது சுயம்புலிங்கம் கேட்டார், "இவுகள்ளாம் ஆரு தாயி?"

"திரும்பி வந்தவங்க."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தான் திரும்பி வந்ததே ஒரு குற்றம்போல அவர் தோள் குலுங்கியது.

தேவகனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒமக்கு வீட்டுல ஆரு உண்டு?"

"பெஞ்சாதி. அன்னக்கிளின்னு பேரு. நான் செத்துட்டேன்னு ஊரே சொல்லியும் நம்பாம இருந்திருக்கா."

"ஒம்ம கண்டதும் என்ன செய்தா?"

"ஒண்ணுஞ் செய்யல தாயி. மொதல்ல சோறு போட்டா. தின்னு முடிச்ச பொறவுதான் அழுதா."

தேவகனி கண்ணை மூடினாள். அவள் அழப்போகிறாள் என்று நான் பக்கத்தில் போனேன். அவள் ஜெபம் பண்ணினாள். "ஆண்டவரே, அன்னக்கிளிக்குச் சொன்ன வாக்கை நிறைவேத்தினீரே, ஒமக்கு ஸ்தோத்திரம். சுயம்புலிங்கம் திரும்பி வந்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். உபதேசியார் அன்று ஒரு வசனமும் சொல்லாமல் எழுந்து போனார்.

மத்தியான பஸ்ஸுக்குச் சுயம்புலிங்கத்தை அனுப்பினோம். அன்னக்கிளிக்குக் கொடுக்கச் சொல்லி, முற்றத்து மரச்சீனியில் ஒரு மூட்டைக் கிழங்கு பிடுங்கிக் கட்டிக்கொடுத்தாள். பிறகு பெண்கள் வந்தார்கள், அழுதார்கள், விளக்கு வைக்கும் நேரமானதும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நானும் அடுப்பைப் பார்க்க வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வேலிப் பக்கம் அவள் குரல் கேட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

"ஜெபகுமாரி, எனக்கு இண்ணைக்கு ஒத்தைக்கு இருக்க முடியல்ல. வாறியா?"

பானையை இறக்கி வைத்துவிட்டுப் போனேன்.